எல்க் மானுக்கு எத்தனை கிரெயின்? மஸில்லோடர் குண்டின் எடையைத் தீர்மானிப்பவை

செப்டம்பர் மாதம் கொலராடோ மலைக்காடுகளில் எல்க் மான்கள் இணை தேடும் காலம். அந்த மாதத்தில்தான் மஸில்லோடர் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று அந்த மாநிலம் தனியாகச் சில நாட்களை ஒதுக்குகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலமும் எண்ணிக்கை வரையறுத்து, உரிமம் கொடுத்து, பருவம் குறித்து அதை நடத்துகிறது. அந்தப் பருவத்துக்கு முன்னால் துப்பாக்கிக் கடையில் நிற்கும் ஒருவருக்கு வரும் முதல் குழப்பம் குண்டின் எடை. 0.50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) துப்பாக்கிக்கு மட்டுமே 177 கிரெயின் உருண்டை முதல் 460 கிரெயின் நீள்குண்டு வரை அலமாரியில் இருக்கும். ஒரு கிராமுக்கு 15.4 கிரெயின். அதாவது 11 கிராம் சொச்சத்திலிருந்து 30 கிராம் வரை.

மஸில்லோடர் என்பது குழலின் வாய் வழியாகவே கருமருந்து எனும் வெடிமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் அடிவரை இறக்கிச் சுடுகிற துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் திரும்ப இவ்வளவும் செய்தாக வேண்டும். எல்க் மான் அதற்காகக் காத்து நிற்காது. எனவே அந்த ஒரே குண்டு வேலையை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் 300 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு விலங்கு காயத்தோடு காட்டுக்குள் போய் நாள்கணக்கில் துடிக்கும். எடையைப் பற்றி இவ்வளவு பேசுவது அதற்காகத்தான்.

எடை ஏன் இங்கே இவ்வளவு பெரிய விஷயமாகிறது? 30-06 எனும் இன்றைய வேட்டை ரைஃபிள் 180 கிரெயின் குண்டை வினாடிக்கு 2700 அடி வேகத்தில் அனுப்புகிறது. கருமருந்தால் அது முடியாது. எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவுதான் வாயுவாக மாறும். மீதி புகையாகவும் குழலில் படியும் கரியாகவும் போய்விடும். மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, தோளில் விழும் உதைதான் கூடும். உருண்டைக் குண்டை வினாடிக்கு 2000 அடியை ஒட்டி அனுப்பலாம், கனமான நீள்குண்டு என்றால் 1400, 1500 அடி. வேகத்துக்கு இப்படி ஒரு கூரை இருக்கும்போது, கூட்டுவதற்கு மிச்சம் இருப்பது எடை ஒன்றுதான்.

அந்த வேகமும் கடைசிவரை நிலைப்பதில்லை. 0.50 காலிபரில் போடும் உருண்டையின் எடை 177 கிரெயின். வினாடிக்கு 2000 அடியில் கிளம்பினால், 100 கஜத்தில் அது 1150 அடிக்கு வந்துவிடும். 1600 அடியில் கிளம்பினால், சேரும்போது சுமார் 1000. கிளம்பும்போது 400 அடி வித்தியாசம், சேரும்போது 150. கூடுதல் மருந்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. இதே துப்பாக்கியில் 370 கிரெயின் நீள்குண்டை 1450 அடியில் அனுப்பிப் பார்த்தால், 100 கஜத்தில் அதுவும் ஏறக்குறைய 1150 அடியில்தான் போகும். இரண்டும் ஒரே வேகத்தில் மானைச் சேர்கின்றன, ஆனால் ஒன்றின் எடை மற்றதைப்போல இரு மடங்கு. ஆற்றலில் சொன்னால் உருண்டைக்குச் சுமார் 520 அடி-பவுண்டு, நீள்குண்டுக்கு 1080. கடையில் வேகத்தைப் பார்த்துக் குண்டு வாங்குபவர்கள் குழல்வாயில் அளந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். மான் நிற்பது 100 கஜத்தில்.

குண்டின் எடையைக் கூட்ட இரண்டு வழிகள்தான் உண்டு: தடிமனைக் கூட்டலாம், அல்லது நீளத்தைக் கூட்டலாம். இருநூறு ஆண்டு மஸில்லோடர் வரலாற்றில் பாதி இந்த இரண்டுக்கும் இடையே நடந்த வாதம்தான்.

1805 மே 5 அன்று மிசோரி ஆற்றின் கரையில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர் ஒரு கிரிஸ்லி கரடியைச் சுட்டார்கள். நுரையீரலில் ஐந்து குண்டுகள், உடம்பின் மற்ற இடங்களில் ஐந்து. அத்தனையும் வாங்கிக்கொண்டு அந்தக் கரடி ஆற்றில் பாதித் தூரத்துக்கு மேல் நீந்திப் போனது என்று லூயிஸ் எழுதி வைத்திருக்கிறார். கிழக்குக் காடுகளில் மானுக்குப் போதுமாக இருந்த மெல்லிய நீள்குழல் துப்பாக்கிகள் மேற்கின் கரடிக்கும் காட்டெருமைக்கும் போதவில்லை. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் குட்டையான, கனத்த குழல் கொண்ட துப்பாக்கிகளைச் செய்து மலைக்குப் போகிறவர்களுக்கு விற்றது இந்தத் தேவையால்தான். அவற்றில் 0.50-ஐத் தாண்டிய காலிபர்கள் சாதாரணம்.

உருண்டையைத் தடிமனாக்கினால் எடை மிக வேகமாக ஏறும், ஏனென்றால் உருண்டையின் எடை விட்டத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் அளவைப் (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது. 0.45 காலிபர் உருண்டை சுமார் 128 கிரெயின், 0.50-க்கு 177, 0.54-க்கு 225, 0.58-க்கு 280. விட்டம் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, எடை இரு மடங்கைத் தாண்டிவிட்டது. மத்திய இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் ஃபோர்சித் 1860-களில் இந்த வழிக்காகத்தான் வாதாடினார். பெரிய காலிபர், உருண்டைக் குண்டு, நிறைய மருந்து, 104 அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்று மட்டும் சுற்றும் மெதுவான புரி (குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டும் திருகுப் பள்ளம்). இந்த நான்கும் சேர்ந்தால் குண்டு தாழாமல் நேராகப் போகும் என்பது அவர் கணக்கு. வேட்டைத் தூரங்களுக்கு அந்தக் கணக்கு சரிதான்.

அந்த வழியின் எல்லையைக் காட்டுகிறவர் சாமுவேல் பேக்கர். 1840-களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, இலங்கையின் யானைகளையும் காட்டெருமைகளையும் துரத்தியவர். பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவர் 1840-இல் அவருக்குச் செய்து கொடுத்த மஸில்லோடர் 3 அவுன்ஸ் உருண்டையோ 4 அவுன்ஸ் நீள்குண்டோ சுடும். 4 அவுன்ஸ் என்றால் 1750 கிரெயின். இன்று எல்க் மானுக்கு எடுக்கும் குண்டைப்போல ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. ஒரு முறை சுட ஒரு அவுன்ஸ் மருந்து. அதை ஒரு மனிதன் தோளில் வைத்துச் சுட முடிந்ததற்குக் காரணம், அந்தத் துப்பாக்கியே 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ இருந்ததுதான். குண்டின் எடை கூடினால் துப்பாக்கியின் எடையும் கூடியாக வேண்டும் என்பதை மறந்துவிட்டு இன்று 6 பவுண்டு இலேசுத் துப்பாக்கியில் 460 கிரெயின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது வழி நீளம். 1840-களின் கடைசியில் பிரான்சின் கிளாட் மினியே வடிவமைத்த, அடிப்பக்கம் குழிந்த நீள்குண்டு போர்க்களத்தையே மாற்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 0.58 காலிபர் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் சுட்டது இந்த வகையைத்தான், எடை 500 கிரெயின் அளவில். அதே 0.58-க்கு உருண்டை 280 தான் வரும். விட்டம் மாறாமல் எடையை இப்படிக் கூட்டலாம். காற்றையும் நன்றாகக் கிழிக்கும், உடலுக்குள்ளும் ஆழமாகப் போகும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எடை பற்றிய பேச்சில் பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

நீளமான குண்டு நேராகப் போக வேண்டுமானால் அது வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சி போதாத பம்பரம் தலையாட்டுவது மாதிரி, சுழற்சி போதாத குண்டு காற்றில் ஆடி, புரண்டு, இலக்கு அட்டையில் பக்கவாட்டு வடிவத்தில் ஓட்டை போடும். எவ்வளவு சுழல வேண்டும் என்பதற்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். பீரங்கிக் குண்டுகளுக்காக எழுதியது, இந்த வேகங்களில் இன்றும் நன்றாகவே பொருந்துகிறது. விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆல் பெருக்கி, புரி ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் அங்குலங்களால் வகுத்தால், அந்தக் குழல் தாங்கும் அதிகபட்சக் குண்டு நீளம் கிடைக்கும்.

0.50 காலிபருக்குப் போட்டுப் பார்ப்போம். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 0.57 அங்குலம். இது உருண்டையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆக அந்தக் குழல் உருண்டைக்கு மட்டுமே பிறந்தது. 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 0.78 அங்குலம். ஈயத்தில் அந்த நீளத்துக்குக் குண்டு வார்த்தால் 350 முதல் 380 கிரெயின் வரும். தாம்ப்சன் சென்டர் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்த ஹாக்கன் பாணித் துப்பாக்கியின் புரி 48 அங்குலம், அதற்கு அவர்கள் விற்ற மேக்ஸி-பால் எனும் 0.50 நீள்குண்டு 370 கிரெயின். கணக்கு அப்படியே உட்காருகிறது. இன்லைன் எனப்படும் இன்றைய பாணி மஸில்லோடர்களில் பரவலாக உள்ள 28 அங்குலப் புரிக்கு 1.34 அங்குலம்வரை போகலாம், 500 கிரெயின்கூடத் தாங்கும்.

எனவே எந்த விலங்கு என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் குழலின் புரி எத்தனை என்று கேட்க வேண்டும். 66 அங்குலக் குழல் வைத்திருப்பவர் எல்க்குக்கு ஆசைப்பட்டு 400 கிரெயின் வாங்கினால் காசு மட்டுமல்ல, விலங்கும் வீணாகும். அவருக்கு உள்ள வழி காலிபரைக் கூட்டுவதுதான்: 0.54, முடிந்தால் 0.58 உருண்டை.

சரி, குழல் ஒத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விலங்குக்கு வரலாம். சாதாரண மானுக்கு 1000 அடி-பவுண்டு ஆற்றல், எல்க்குக்கு 1500 என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இதன்படி பார்த்தால் 177 கிரெயின் உருண்டை 75 கஜத்தில் ஒரு வெள்ளைவால் மானைக்கூட வீழ்த்தக் கூடாது. இரண்டு நூற்றாண்டுகளாக அது வீழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆற்றல் கணக்கில் வேகம் வர்க்கமாக ஏறுவதால், மெதுவாகப் போகும் கனத்த குண்டு அந்தப் பட்டியலில் எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படும். இந்த வேகங்களில் விலங்கைக் கொல்வது அதிர்ச்சி அலை அல்ல, ஓட்டைதான். மஸில்லோடர் குண்டு விரிவதற்கு முன்பே அரை அங்குலம். அது இரண்டு நுரையீரல்களையும் கடக்க வேண்டும், கடந்து மறுபக்கம் வெளியேறவும் வேண்டும்.

வெளியேறுவதற்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், கருமருந்து சுட்டதும் முன்னால் வெண்புகை எழுந்து விலங்கை மறைத்துவிடும். எந்தப் பக்கம் ஓடியது, எப்படி ஓடியது என்று பார்க்க முடியாது. மிஞ்சுவது தரையில் கிடக்கும் இரத்தத் தடம்தான். இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தால் தடம் நன்றாகத் தெரியும். உள்ளேயே நின்றுவிட்ட குண்டு தடத்தைப் பாதியாக்கிவிடும்.

ஊடுருவலை ஒப்பிட எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். பவுண்டில் எடையை எடுத்து, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 177 கிரெயின் உருண்டைக்கு 0.105. முழுக் காலிபர் 370-க்கு 0.211. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுடும் 0.452 அங்குல, 300 கிரெயின் குண்டுக்கு 0.21. கடைசி இரண்டுக்கும் இடையே 70 கிரெயின் வித்தியாசம் இருந்தாலும் உள்ளே போகும் திறன் ஏறக்குறைய ஒன்றே. சேபோ என்று சொல்லப்படும் அந்த உறைக் குண்டுகளை 'இலேசு' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஈயத்தின் மென்மையும் இதோடு சேர்ந்தது. சுத்த ஈயம் எளிதாக விரியும், குழலின் புரியிலும் நன்றாகப் பதியும். தகரமோ ஆன்டிமனியோ கலந்து கடினமாக்கினால் விரியாமல் ஆழமாகப் போகும், ஆனால் வாய் வழியே இறக்குவது பாடு. சுத்த ஈய உருண்டை எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் தட்டையாகி அங்கேயே வேகம் இழக்கும். பின்னால் தள்ளிக்கொண்டு வர அதற்கு நீளம் இல்லை. 370 கிரெயின் நீள்குண்டின் முனை நசுங்கினாலும் பின்பகுதி தள்ளிக்கொண்டே போகும். எல்க்குக்கும் மானுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்னைப் பொறுத்தவரை இந்த எலும்புதான், மொத்த உடல் எடை அல்ல.

என் கருத்தைக் கேட்டால், வெள்ளைவால் மானுக்கு 75 கஜத்துக்குள் 0.50 உருண்டை போதும், அதற்கு மேல் 100, 120 கஜம்வரை 240 முதல் 300 கிரெயின். 400 போட்டாலும் தப்பில்லை, தேவையில்லை அவ்வளவுதான். எல்க்குக்கு 0.50-இல் முழுக் காலிபர் மென் ஈயம் 350 முதல் 400, தூரம் 100 கஜத்துக்குள். 0.54 உருண்டைதான் கையில் இருக்கிறது என்றால் 60, 70 கஜத்துக்குள், விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது, தோளுக்குப் பின்னால் மட்டும். மூஸ் எனும் மிகப் பெரிய மானுக்கும் எல்க்குக்குச் சொன்ன குண்டின் எடையே பொருந்தும். காட்டெருமைக்கு 400-க்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 460 போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் தோள் குறுக்கே வருகிறது. ஏழரை பவுண்டு துப்பாக்கி, 100 கிரெயின் மருந்து என்று வைத்துக் கணக்கிட்டால், 250 கிரெயின் குண்டு தரும் உதை சுமார் 30 அடி-பவுண்டு, 400 கிரெயின் சுமார் 40. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 30-06 ரைஃபிளின் உதை பொதுவாக 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுபவருக்கு, கூடுதலாகப் போட்ட 100 கிரெயினால் ஒரு பயனும் இல்லை. விலா நடுவில் பட்ட 300, வயிற்றில் பட்ட 460-ஐவிட எத்தனையோ மேல்.

குண்டு தாழ்வதும் இதோடு சேரும். 100 கஜத்தில் சரியாகப் படும்படி குறி அமைத்தால், 1950 அடியில் கிளம்பும் 250 கிரெயின் சேபோ குண்டு 150 கஜத்தில் ஐந்தாறு அங்குலம் தாழும். 1400 அடியில் கிளம்பும் 400 கிரெயின் ஒன்பது, பத்து அங்குலம். மானின் நெஞ்சுக்கூட்டு இலக்கு சுமார் 8 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், தூரத்தை 30 கஜம் தப்பாக எடைபோட்டாலே கனத்த குண்டு கீழே போய்விடும். கொலராடோவில் தொலைநோக்கிக் குறிக்கும் அனுமதி இல்லை. வெறும் இரும்புக் குறியை வைத்து 100 கஜத்துக்கு மேல் சுடுவது பெரும்பாலோருக்குச் சரிவராது. அந்தத் தூரத்துக்குள் இருந்துவிட்டால் கனத்த குண்டின் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கொலராடோவில் எல்க்குக்கு நான் கனத்த பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனத்த முழுக் காலிபர் குண்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. சில குழல்களில் அது இறுக்கமாக நிற்காது. துப்பாக்கியை வாய் கீழாகத் தொங்கவிட்டு ஒரு நாள் நடந்தாலோ, குதிரையில் குலுங்கினாலோ, தன் கனத்தாலேயே மருந்தைவிட்டு முன்னால் நழுவும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் குண்டை முழுதாக இறக்கியதும் கோலில் குழல்வாய் மட்டத்துக்கு ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். நடுநடுவே கோலை உள்ளே விட்டு அந்தக் குறி இடம் மாறவில்லை என்று பார்க்க வேண்டும். வாங்கும்போதே இரண்டு மூன்று எடைகளைச் சிறு பொட்டலமாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாகவும் விழுந்து இறுக்கமாகவும் நிற்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரே மாதிரியான இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு எடையை விரும்பும்.

இவ்வளவு யோசித்தாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் சேபோவுக்குத் தடை, மாத்திரை வடிவில் வரும் வெடிமருந்துக்குத் தடை, எல்க்குக்கும் மூஸுக்கும் குறைந்தது 0.50 காலிபர் வேண்டும், குண்டின் நீளம் விட்டத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஐடஹோவின் தனி மஸில்லோடர் பருவத்திலும் சேபோ கிடையாது. பக்கத்து மாநிலத்தில் அருமையாக வேலை செய்த 300 கிரெயின் உறைக் குண்டு இங்கே சட்டவிரோதமாகிவிடும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், குண்டு வாங்கும் முன் அந்தந்த ஆண்டின் வேட்டை விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கலிஃபோர்னியாவில் ஈயமே கூடாது. காண்டோர் எனும் பெரும் பிணந்தின்னிக் கழுகுகள் 1982-இல் 22 ஆகக் குறைந்துபோயின. வேட்டைக்காரர்கள் விட்டுச் சென்ற குடலிலும் இறைச்சியிலும் இருந்த ஈயத் துணுக்குகளை விழுங்கிச் சாவது அந்தப் பறவைகளுக்குப் பெரிய ஆபத்து. 2013-இல் இயற்றிய சட்டப்படி, 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு பயன்படுத்த முடியாது. இது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். மற்ற மாநிலங்களிலும் தாங்களாகவே செம்புக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். செம்பு ஈயத்தைவிட இலேசு: ஒன்றின் அடர்த்தி 8.96, மற்றதன் அடர்த்தி 11.34. அதே எடைக்குச் செம்புக் குண்டு கால் பங்குக்கு மேல் நீளமாகும், நீளமானால் மேலே சொன்ன புரிக் கணக்கு திரும்ப வந்து நிற்கும். 48 அங்குலப் புரியில் செம்பில் 370-ஐ நினைத்துப் பார்க்கவே வேண்டாம். 28 அங்குலப் புரியில் 250, 285, 290 கிரெயின் செம்புக் குண்டுகள் கிடைக்கின்றன. ஈயம் போல அவை உடலுக்குள் சிதறி எடையை இழப்பதில்லை. இதழ் இதழாக விரிந்தாலும் ஏறக்குறைய முழு எடையோடு எலும்பைக் கடந்து போகும் என்பதால், எல்க்குக்கு ஈயத்தில் 370 எடுக்கிறவர் செம்பில் 290-க்கு இறங்கினால் தைரியமாகவே இறங்கலாம்.